தினம் ஒரு பூங்கொடி

நான் பார்த்த வேலைக்கு இப்போது நஸ்ரின் வந்திருக்கிறாள். பழவேற்காட்டுப் பெண். போன வாரம் போன் செய்தாள். எங்கள் இறால் பதனிடும் கம்பெனியில் எல்லா வாசலிலும் முகம் பார்க்கும் கருவி மாட்டப் போகிறார்களாம். யார் எந்த அறைக்குள் போனார், எப்போது வெளியே வந்தார் என்பதையெல்லாம் இனி அதுவே சொல்லிவிடுமாம்.

"அக்கா, அது வந்துட்டா ஆபத்து நேரத்துல பேர் கூப்பிட்டுப் பாக்கறது வேணாம்னு ஒரு பேப்பர் வந்திருக்கு. கையெழுத்து போட்டுடட்டுமா?"

"இப்ப போடாதே" என்றேன். ஏன் என்று விளக்க முடியவில்லை. தொடர்ந்து பேசினால் எனக்கு மூச்சு வாங்கும். மருத்துவக் காரணத்தால் ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டவள் நான். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பேச முடியாததை எழுதி அனுப்புகிறேன். நஸ்ரினுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உதவட்டும்.

என் ஊர் கோட்டைக்குப்பம். என் அப்பா, நைனா என்போம், பழவேற்காடு ஏரியில் வலை போடுகிறவர். பொன்னேரியில் ரயிலேறிப் போய் வேதிப்பொறியியலில் டிப்ளமோ முடித்தேன். பிறகு அம்மோனியா குளிர்பதனத்தில் ஒரு சான்றிதழ், தீத்தடுப்பில் ஒன்று. திருப்பாலைவனத்துக்குப் போகிற சாலையில் இருந்த கம்பெனியில் பாதுகாப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் இல்லை.

இறாலை உறைய வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை நல்லது. வெளியே வந்தால் முதலில் கண், பிறகு தொண்டை, பிறகு நெஞ்சு. அதனால் காலையில் உள்ளே நுழைந்ததும் நான் மூன்றைப் பார்ப்பேன். முதலில் கூரைமேல் காற்றின் போக்கைக் காட்டும் காற்றுப்பை. ஆபத்து என்றால் எல்லாரும் ஓடிச் சேரவேண்டிய கூடுமிடங்களில், அது காட்டும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பதுதான் அன்றைக்குச் சரியானது. காலையில் மேல்காற்று என்றால் மேற்கு வாசல். மதியம் கடல்காற்று ஏறிவிட்டால் கிழக்கில் தண்ணீர்த் தொட்டியின் பக்கம். இரண்டாவது கதவுகள். எல்லா அவசரக் கதவுகளையும் கையால் தள்ளிப் பார்ப்பேன். மூன்றாவது ஆட்கள். யார் எந்தப் பிரிவில் என்ற பட்டியலை மேற்பார்வையாளரிடம் வாங்கி என் பலகையில் மாட்டிக்கொள்வேன். காற்று, கதவு, ஆள். இந்த வரிசை மாறினால் முதலிலிருந்து மறுபடி தொடங்குவேன்.

கம்பெனி ஒன்றுதான். ஆனால் அது எப்படிப்பட்ட கம்பெனி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பொன்னேரியிலிருந்து வரும் கணக்குப் பிரிவுப் பையன்களுக்கு அது சென்னைக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம். ஒடிசாவிலிருந்து வந்து வளாகத்து விடுதியிலேயே தங்கியிருக்கும் பெண்களுக்கு ஊர், உலகம் எல்லாம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தாண்டிப் போனால்தான் அவர்களுக்கு வெளியுலகம். கோட்டைக்குப்பத்திலிருந்து கம்பெனி வண்டியில் வரும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ அது நிழலில் செய்யும் வேலை. கை மரத்துப்போனாலும் வெயில் இல்லை. வண்டியில் ஏறும்போதே கேலி தொடங்கிவிடும்.

"சேப்டி மேடம் வந்துட்டாங்க, எல்லாரும் மூச்ச புடிச்சிக்கோங்க" என்பாள் பூங்கொடி. எனக்கு அத்தை முறை. மொத்த வண்டியும் அவள் சொன்னால் சிரிக்கும், அவள் முறைத்தால் அடங்கும்.

"நீ புடிச்சிக்கினாலே போதும் அத்த, பாதி சத்தம் கொறையும்" என்பேன்.

ஆலை மேலாளர் சேதுராமன் சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளையும் நின்றுகொண்டுதான் படிப்பார். படித்து முடிக்கும்வரை பேனா மூடியைக் கட்டைவிரலால் திறந்து திறந்து மூடுவார். அந்தச் சத்தம் நின்றால் முடிவு வரப்போகிறது என்று அர்த்தம். உத்தரவை உத்தரவாகச் சொல்லமாட்டார். "இதை இன்னைக்கே முடிச்சிடலாமா?" என்பார். வேண்டாம் என்று சொல்ல அதில் இடம் இருப்பதுபோல இருக்கும், இருக்காது. திட்டுகிற மேலாளரிடம் திட்டு முடிந்ததும் நிம்மதியாக மூச்சு விடலாம். இவரிடம் அதற்கு வழியில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய 'லாமா'வைக் கேட்டாலே என் வாயில் 'சரி சார்' என்றுதான் வரும்.

இனி எனக்கு அப்போது தெரியாத ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏரியில் இறால் சேரும் இடங்கள் சிலதான். நல்ல இடம் ஒருவருக்கே சொந்தமாகிவிடக் கூடாது என்று எங்கள் ஊர்களில் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். இன்று ஒரு குழு அங்கே வலை போட்டால் நாளை அடுத்த குழு. அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்று யார் பாடு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கம்பெனியில் எல்லாரும் அஞ்சிய இடம் ஒன்று உண்டு. உறைந்த பெட்டிகளை அடுக்கும் குளிர்க்கிடங்கு. தடித்த சட்டை போட்டாலும் முழங்கால்வரை குளிர் ஏறும். கம்பெனி அந்த வேலையை இரண்டு பேருக்கு நிரந்தரமாக எழுதிவைத்திருந்தது. ஒருத்தி பூங்கொடி. இன்னொருத்தி விடுதியில் தங்கியிருந்த மம்தா. தினமும் ஒருத்தியே குளிரில் நிற்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நியாயமாகப் படவில்லை. நல்ல இடத்துக்கு முறை வைப்பதுபோலக் கெட்ட இடத்துக்கும் முறை வைத்துவிட்டார்கள். பூங்கொடியின் பெயர் எழுதிய டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒருத்தி கிடங்குக்குப் போவாள். அவளுடைய டோக்கனை மாட்டிக்கொண்டு பூங்கொடி இறால் உரிக்கும் மேசையில் நிற்பாள். தலையுறை, முகமூடி, வெள்ளைக் கோட்டு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டபின் தெரிவது கண்கள் மட்டும்தான். எந்த மேற்பார்வையாளரும் கண்டுபிடிக்கவில்லை. நானும்தான்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. டோக்கன் கைமாறியது, பயிற்சி கைமாறவில்லை. கிடங்கின் மறுகோடியில் பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் ஓர் அவசரக் கதவு உண்டு. அதைப் பூங்கொடிக்கும் மம்தாவுக்கும்தான் நான் காட்டிக்கொடுத்திருந்தேன். இரண்டாவது ஓட்டை, முறை எங்கள் ஊர்ப் பெண்களுக்குள் மட்டும்தான். மம்தாவுக்கு முறை இல்லை. அவள் தினமும் உள்ளே நின்றாள்.

கசிவு ஒரு மதியம் வந்தது. கடல்காற்று ஏறியிருந்தது. கிடங்குக்கு முன்னால் உள்ள நடையில் ஒரு வால்வு விட்டுவிட்டது. மணி அடித்தது. நான் காற்றுப்பையைப் பார்த்துக் கிழக்குக் கூடுமிடத்தைக் காட்டிக் கொடியை உயர்த்தினேன். எல்லாரும் ஈரத்துணியால் முகத்தை மூடியபடி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடிவந்தார்கள். சிலர் பயத்தில் கேட்டைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டார்கள். அதனால் தலைகளை எண்ணிப் பார்க்க வழியில்லை. பெயர் கூப்பிடத் தொடங்கினேன். சாலையில் நின்றவர்களும் அங்கிருந்தே குரல் கொடுத்தார்கள்.

"தேவகி."

"இருக்கேன்."

முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல். அடுத்தடுத்த பெயர்கள். பிறகு, "பூங்கொடி."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

அப்போது கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மம்தா ஓடிவந்தாள். இருமிக்கொண்டே என் கையைப் பிடித்தாள். "பூங்கொடி உள்ளே. நான் வா வா சொன்னேன். கதவு வந்துட்டேன். பூங்கொடி வரல. கதவு மூடிட்டு."

பின் கதவு அப்படித்தான். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து சாவி வேண்டும்.

சேதுராமன் சார் கூட்டத்துக்குள் நடந்து போனார். பத்தடி தள்ளி நின்ற ஒருத்தியின் தோளைத் தொட்டார். முகமூடி இறங்கியிருந்தது. பூங்கொடி.

"இதோ நிக்கிறாங்களே" என்றார் மெதுவாக. "பயத்துல குரல் வரல. அந்தப் பொண்ணும் பதட்டத்துல சொல்லுது. எல்லாரும் வெளில வந்தாச்சு. வால்வை மூடப் போயிடலாமா?"

எங்களிடம் இருந்தவை இரண்டே மூச்சுக் கருவிகள். குளிர்பதன இயந்திரம் ஓட்டும் பாபு அண்ணன் ஒன்றையும் அவருடைய உதவியாளர் ஒன்றையும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். உள்ளே ஆள் இல்லை என்றால் அவர்கள் வால்வுக்குப் போகவேண்டும். ஆள் இருந்தால் முதலில் ஆளுக்கு. வால்வு நடையின் அந்தப் பக்கம், கிடங்கின் பின்கதவு இந்தப் பக்கம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போக முடியாது. என்னுடைய ஒரு சொல்லுக்காக பாபு அண்ணன் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பூங்கொடியின் மார்பைப் பார்த்தேன். அங்கே தொங்கியது எங்கள் ஊர் தேவகியின் டோக்கன். தேவகி பெயருக்கு 'இருக்கேன்' என்றது இவள்தான்.

"அத்த, தேவகி எங்க?"

பூங்கொடி பேசவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊர்ப் பெண்களும் பேசவில்லை. டோக்கன் மாற்றியதற்காக முன்பு ஒருத்தியை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். மேலாளர் பக்கத்திலேயே நிற்கிறார். ஒருத்தி வாயைத் திறந்தால் வண்டியில் வரும் அத்தனை பேருக்கும் வேலை போகும். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காற்றில் நெடி ஏறிக்கொண்டிருந்தது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சாரின் பேனா மூடிச் சத்தம் நின்றுவிட்டது. இன்றும் தூக்கத்தில் எனக்கு விழிப்பு வருவது அந்த இடத்தில்தான். சத்தம் நின்ற இடம்.

யார் என்ன தவறு செய்தார்கள் என்று கேட்டால் அவர்கள் சொல்லப்போவதில்லை. கெட்ட இடத்துக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் முறைதான் வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. வீட்டில் நைனாவிடம் கேட்பதுபோலக் கேட்டேன்.

"இன்னிக்கு கிடங்குல யார் பாடு?"

பூங்கொடியின் வாய் தானாகத் திறந்தது. "தேவகி பாடு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கு அந்தக் கதவு தெரியாது கண்ணு. நான் காட்டவேயில்ல. சொம்மா ஒரு நாளுதானேன்னு..."

பாபு அண்ணனுக்குக் கையால் கிடங்கைக் காட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். வழக்கமாக அந்தப் பூட்டைத் திறக்கும் காவலாளி கேட்டில் இருந்தார், அவர் வரக் காத்திருக்க முடியவில்லை. கருவி இல்லாமல் போகக்கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். ஈரத்துண்டை முகத்தில் சுற்றியிருந்தேன், அவ்வளவுதான். பூட்டில் பனி பிடித்திருந்தது. சாவி இரண்டு தடவை வழுக்கி மூன்றாவது தடவை திரும்பியது. கதவு திறந்ததும் உள்ளே தேங்கியிருந்த வாயு முழுவதும் என் முகத்தில் அடித்தது.

தேவகி ஓடிப்போன இடம் கிடங்கின் உள்மூலை. நடையில் நெடி வந்ததும் உள்ளே வந்து முன்கதவைச் சாத்தியிருக்கிறாள். தலையுறையைக் கழற்றிக் கதவிடுக்கில் திணித்திருக்கிறாள். அடுக்குகளுக்கு நடுவில் மம்தா எங்கே மறைந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கிறாள். மம்தா அதற்குள் வெளியே வந்துவிட்டாள். பிறகு தேவகி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் நாங்கள் திறந்த கதவுக்கும் நடுவில் இரண்டே வரிசைப் பெட்டிகள்.

பாபு அண்ணன் அவளைத் தூக்கிவந்து புல்லில் கிடத்தினார். கண்ணீர் நிற்காமல் ஓடும் கண்களால் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க கதவு இருக்குதா?" என்றாள்.

பொன்னேரி மருத்துவமனை, பிறகு சென்னை. தேவகி பிழைத்தாள். இடதுகையில் இரண்டு விரல்நுனிகள் மட்டும் இன்றுவரை மரத்துக் கிடக்கின்றன. என் நுரையீரலின் கதையை மருத்துவர்கள் பிறகுதான் சொன்னார்கள்.

அறிக்கையை நான் எழுதினேன். சேதுராமன் சார் நின்றுகொண்டு படித்தார். பேனா மூடி நீண்ட நேரம் திறந்து மூடியது.

"கோட்டைக்குப்பம் பெண்கள் கம்பெனிக்குத் தெரியாம டோக்கன் மாத்தினதாலன்னு ஒரு வரி சேர்த்துடலாமா?"

"சேக்கலாம் சார். ரெண்டே பேரை எப்பவும் குளிர்ல நிறுத்தி வச்சதாலன்னு அதுக்கு முன்னாடி ஒரு வரி சேக்கணும். அது நம்ம எழுதி வச்சது. அதனாலதான் அவங்க மாத்துனாங்க."

அவர் அறிக்கையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம் முழுவதும் காலையில் வண்டியில் கேலி இல்லை. பூங்கொடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். வேலை போகுமா போகாதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் மம்தாவிடம் வாக்குமூலம் வாங்க விடுதிக்குப் போனேன். உள்ளே இருப்பது பூங்கொடி என்று ஏன் சொன்னாள் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"மேற்பார்வை அண்ணன் பூங்கொடின்னு கூப்பிடுவார். அவங்க ஆமாம் சொல்வாங்க. எனக்கு என்ன தெரியும்? ஒரு நாள் உயரம் பூங்கொடி. ஒரு நாள் குள்ளம் பூங்கொடி. ஒரு நாள் பாட்டு பாடும் பூங்கொடி. எனக்கு தினம் வேற பூங்கொடி." தன்னைத் தொட்டுக் காட்டி, "மம்தா மட்டும் தினம் நான்தான்" என்றாள்.

நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரின் நியாயத்தை அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தேன். அந்த நியாயம் ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்ததை எழுதியிருக்கவில்லை.

மறுநாள் சார் கூப்பிட்டார். அறிக்கை மேசைமேல் இருந்தது. பேனா சட்டைப்பையில் இருந்தது.

"யாரையும் நிறுத்த வேண்டாம்னு எழுதிட்டேன். கிடங்குக்கு முறை வச்சிடலாமா? கம்பெனியே வைக்கட்டும். பேரு சரியா இருக்கும். பயிற்சியும் எல்லாருக்கும் இருக்கும்."

"ஹாஸ்டல் பெண்களையும் சேத்துதான் சார்."

"உங்க ஊர்க்காரங்க ஒத்துப்பாங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மாலை தேவகியைப் பார்க்க அவள் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். பூங்கொடிதான் முதலில் பேசினாள்.

"வேல போகலன்னியே, வாய்க்கு சக்கர போடணும். ஆனா அவங்கள எப்புடி நம்ம பாட்டுல சேக்கறது? அவங்க இன்னா கோட்டைக்குப்பமா? இன்னிக்கு இருப்பாங்க, நாளிக்கி ரயில் ஏறிடுவாங்க. முறைல பொறந்தவங்களுக்குத்தான் முறை."

சிலர் தலையாட்டினார்கள். பாயில் சாய்ந்திருந்த தேவகி எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது.

"நான் உள்ள கெடந்தப்போ ஓடியாந்து சொன்னது யாரு அக்கா?"

பூங்கொடி முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பேரு தப்பா சொன்னா. சொன்னாளா இல்லியா? என் பேரு தெரிஞ்சவங்க எத்தினி பேரு அங்க நின்னீங்க. இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

வெளியே யாரோ வலையை உதறும் சத்தம் கேட்டது. பூங்கொடி தேவகியின் மரத்த விரல்களைத் தன் உள்ளங்கையில் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். நெடுநேரம் தேய்த்தாள்.

"சீட்டுல அவங்க பேரும் எழுது" என்றாள் என்னைப் பார்க்காமல்.

அதன்பின் வேலை எனக்குப் பழகிய வேலையாகிவிட்டது. கிடங்குக்கு முறையில் வரும் எல்லாரையும் பின்கதவுவரை கூட்டிப்போனேன். கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகளைத் தடவியபடி நடந்து கதவுத் தண்டைத் தள்ளவேண்டும். தள்ளத் தெரியாதவளுக்கு அன்றைக்கு முறை கிடையாது. ஒரு விதியைப் புதிதாகச் சேர்த்தேன். முதலில் வெளியே வருகிறவள் கதவை விடக்கூடாது. காலால் முட்டுக் கொடுத்து நின்று, உள்ளே இருப்பவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். அவள் வெளியே வந்தபின்தான் காலை எடுக்கவேண்டும்.

நஸ்ரின், அந்தக் கருவியை மாட்டட்டும். நல்லதுதான். முகமூடியோடு அது யாரை யாரென்று சொல்கிறது என்பதை நீயே நின்று சோதித்துப் பார். ஆனால் கூடுமிடத்தில் பெயர் கூப்பிடுவதையும் பின்கதவில் பெயர் கூப்பிடுவதையும் நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போடாதே. சார் 'போட்டுடலாமா' என்றுதான் கேட்பார். 'சரி சார்' என்று வாயில் வரும். அதை விழுங்கிவிடு. வேண்டாம் என்று சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார். எனக்கு அது தெரிய இத்தனை காலம் ஆயிற்று.

நான் ஓய்வில் போவதற்கு முன் நடத்திய கடைசிப் பயிற்சி தேவகி வேலைக்குத் திரும்பிய வாரத்தில் நடந்தது. அவளைக் கிடங்கிலிருந்து விலக்கிவிடலாம் என்று சொல்லிப்பார்த்தேன். "என் பாட்ட எவ பாப்பா?" என்று தடித்த சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று கூட இருந்தது மம்தா. நான் வெளியே புல்லில், தேவகியைக் கிடத்தியிருந்த அதே இடத்தில் நின்றேன். கையில் பலகை இருந்தது. மணியை அடிக்கச் சொன்னேன்.

கதவு திறந்தது. மம்தா வந்தாள். ரப்பர் பூட்ஸால் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி உள்ளே குனிந்து கத்தினாள்.

"தேவகி! தேவகி, வா!"

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து இருமலும் சிரிப்புமாகக் குரல் வந்தது.

"கத்தாதடி, வந்துக்கினுதான் இருக்கேன்."

மம்தா காலை எடுக்கவில்லை. அவள் வெளியே வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.